லேபிளை வரைந்த கை

தீபாவளிக்குச் சில தினங்களுக்கு முன்னால் கடைத்தெருவிலிருந்து வந்து சேரும் பட்டாசுக் கட்டுகளைத் திண்ணையில் பரப்பி, வெயில் காட்டும் சாக்கில், ஒவ்வொரு கட்டின் மேலும் ஒட்டியிருக்கும் வர்ணப் படத்தை ஓரம் கிழியாமல் உரித்தெடுத்துப் பாடப் புத்தகத்தின் தாள்களுக்கிடையே பத்திரப்படுத்திய பிள்ளைகள் தமிழ்நாட்டில் இரண்டு மூன்று தலைமுறைகள் இருந்தார்கள். தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து அடுக்கி, அபூர்வமான ஒன்றுக்குச் சாதாரணமானவை பத்து என்று விலை வைத்து மாற்றிக்கொண்டவர்களும் அவர்களே. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். வெடித்து முடித்த பட்டாசின் சத்தம் மறுநாளே மறந்து போயிற்று. கொண்டையைச் சிலிர்த்து நின்ற சேவலும் தாமரை மேல் வீற்றிருந்த லக்ஷ்மியும் இன்றும் கண்ணில் நிற்கிறார்கள். அவற்றை வரைந்தவர் யார் என்று அந்த வயதில் நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லக்கூடியவர் எங்கள் தெருவில் எவரும் இருந்திருக்க மாட்டார்.

விருதுநகர் மாவட்டத்தில் வேம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டி, அந்தப் படமும் அது மூடியிருந்த மருந்தும் ஒன்று சேருகிற ஊர்களில் ஒன்று. மழை கண்டால் ஒட்டிக்கொள்ளும், வெயில் கண்டால் பாளம் பாளமாக வெடிக்கும் கரிசல் மண். அதன் நடுவே, ஒன்றில் விபத்து நேர்ந்தால் அடுத்ததற்குத் தாவாதபடி சட்டம் வகுத்த இடைவெளியில் தனித்தனியே நிற்கும் சிறு சிறு அறைகள். அவற்றினுள் திரி நறுக்குவதும், சரம் பின்னுவதும், குழாயில் மருந்து செலுத்துவதும், கடைசியில் லேபிள் ஒட்டுவதுமாகக் காலை முதல் மாலை வரை ஓயாத கைகள். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு. விவசாயத்துக்கு அனுகூலமில்லாத அதே தன்மை தீக்குச்சி காய்வதற்கும் பட்டாசு உலர்வதற்கும் அச்சுத் தாள் சுருங்காமல் இருப்பதற்கும் அனுகூலமாக அமைந்தமையால், சிவகாசியைச் சூழ்ந்த இந்தப் பிரதேசத்தில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்ற மூன்று தொழில்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்போல வளர்ந்தன.

கை வேலை இந்த மண்ணுக்கு நேற்று வந்ததன்று. தாயில்பட்டிக்கு அண்மையில், வைப்பாற்றங்கரையிலுள்ள விஜயகரிசல்குளத்து மேட்டில், தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2022ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் ஆயிரக்கணக்கான தொல்பொருள்கள் வெளிப்பட்டன. சங்கை அறுத்துச் செய்த வளையல்கள், சுடுமண் உருவங்கள், விளையாட்டுக் காய்கள் ஆகியவற்றோடு, பாயும் காளை ஒன்றைச் செதுக்கிய சூதுபவளக் கல்லும் அங்கே கிடைத்தது. நகக் கண்ணளவுள்ள ஒரு கல்லின் மேல் ஒரு மிருகத்தின் வேகத்தைக் கொண்டுவர எவனோ ஒருவன் எத்தனை நாள் குனிந்திருந்தானோ! அணிகிறவர் எல்லோரும் அதை உற்றுப் பார்த்திருக்கப் போவதில்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் அவன் செய்தான். லேபிள் வரைந்தவர்களின் வம்சத்தை நான் அவனிடமிருந்து தொடங்குகிறேன்.

சிவகாசியின் தொழில் வரலாறு பலமுறை சொல்லப்பட்டது. 1920களின் தொடக்கத்தில் பி. ஐயநாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுத் திரும்பினார்கள். முதலில் யந்திரங்களை வரவழைத்தார்கள். பிறகு, ஆள் பலம் மிகுந்து மழை பொய்த்துக் கிடந்த தங்கள் சீமைக்குக் கை முறையே பொருந்தும் என்று கண்டு அதைப் பரப்பினார்கள். ஸ்வீடன் தேசத்து மூலதனத்தோடு வந்த விம்கோ கம்பெனியின் பெரும் யந்திரங்களுக்கு எதிரே, ஓலைக் கொட்டகையிலும் வீட்டு முற்றத்திலும் செய்த பெட்டிகள் சந்தையில் நின்றன. சுதந்திரத்திற்குப் பின் சர்க்காரும் யந்திரத் தீப்பெட்டிக்கு ஒரு வரியும் கைத் தீப்பெட்டிக்கு அதனினும் குறைந்த வரியும் விதித்து இந்த நிலைமைக்குத் துணை நின்றது.

ஆனால் தீப்பெட்டிக்குள் இருக்கும் குச்சிக்கும் குச்சிக்கும் வித்தியாசம் என்ன? வாங்குகிறவர் பெரும்பாலும் எழுத்து வாசிக்க அறியாதவர். வாசிக்க அறிந்தவரும் மலையாளமோ ஹிந்தியோ வங்காளியோ வாசிப்பவர். ஆகவே பெட்டியின் பெயர் அதன் படமேயாயிற்று. கடைக்காரரிடம் போய் அணில் மார்க் என்றோ சேவல் மார்க் என்றோ கேட்பதற்கு எழுத்து வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான சிறு உற்பத்தியாளர்கள், ஒவ்வொருவருக்கும் பல மார்க்குகள், ஒவ்வொரு மார்க்குக்கும் ஒரு படம் என்று ஏற்பட்டபோது, அந்தக் கரிசல் காட்டுச் சிற்றூருக்கு எதிர்பாராத ஒரு தேவை வந்து சேர்ந்தது: சித்திரக்காரர் வேண்டும். வெளியூரிலிருந்து லேபிள் அச்சிட்டுக் கொணர்ந்த செலவும் தாமதமும் பொறுக்காமல் சிவகாசியிலேயே லித்தோ அச்சகங்கள் எழுந்தன. தீக்குச்சியைப் பின்தொடர்ந்து வந்தது அச்சு. அச்சைப் பின்தொடர்ந்து வந்தது சித்திரம்.

லித்தோ என்பது என்ன என்பதை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் யந்திரத்துக்கும் கைக்கும் இடையே ஒரு காலத்தில் இருந்த உறவு அந்தக் கல்லில்தான் தெளிவாகத் தெரிகிறது. பவேரியா நாட்டில் 1796ஆம் ஆண்டு அலாய்ஸ் செனெஃபெல்டர் என்பவர், தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடியலைந்தபோது, எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று ஒதுக்கும் என்ற எளிய உண்மையைக் கொண்டு இம்முறையைக் கண்டார். வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் கொழுப்புச் சேர்ந்த மையால் படம் எழுதிவிட்டு, கல்லை நனைத்து, மை பூசிய உருளையை அதன் மேல் உருட்டினால், நனைந்த இடம் மையை ஏற்காது. எழுதிய இடம் மட்டும் ஏற்கும். அதன் மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு இறங்கும். அவ்வளவுதான், ஆனால் கல்லில் எழுதுவது தாளில் இடம் வலமாகப் புரண்டுவிடுமாதலால், அனைத்தையும் தலைகீழாகச் சிந்திக்கும் பழக்கம் எழுதுகிறவனுக்கு வேண்டும். வலக் கையை உயர்த்தி அபயம் காட்டும் தெய்வத்தை அவன் கல்லில் இடக் கை உயர்த்தியதாகவே எழுத வேண்டும்.

வர்ணப் படமென்றால் பிரயாசை பல மடங்கு. மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒரு கல், கருப்புக்கு ஒரு கல். சில படங்களுக்கு எட்டு, பத்து என்றும் கற்கள் வேண்டியிருந்தன. ஒரே தாள் இத்தனை கற்களின் மேலும் மயிரிழை பிசகாமல் அடுத்தடுத்துப் படிய வேண்டும். கன்னத்தின் சிவப்பு கழுத்தருகே மெல்ல மங்கி மறைய வேண்டுமானால், அந்த மங்கலைத் தரும் வேறு உபாயம் கிடையாது. கல்லின் மேல் நெருக்கமாகவும் பிறகு சிறுகச் சிறுக விலக்கியும் கையால் புள்ளி வைக்க வேண்டும். ஒரு தீப்பெட்டிப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிகள் ஒன்றைப் போல் ஒன்று இரா. சில இடங்களில் அவசரம் தெரியும், சில இடங்களில் அயர்ச்சி தெரியும், கண் எழுதிய இடத்தில் மாத்திரம் மூச்சை அடக்கிய நிதானம் தெரியும். யந்திரம் இங்கே செய்தது பெருக்குவது; பிறப்பித்தது கை. ஒருவன் ஒருமுறை எழுதியதை யந்திரம் லக்ஷம் முறை திரும்பச் சொல்லிற்று. அந்த ஏற்பாட்டில் ஒன்று மற்றதைத் துரத்தவில்லை.

இந்தியாவில் இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் தொடங்கி வைத்தவர் ராஜா ரவிவர்மா. 1894ஆம் ஆண்டு அவர் பம்பாயில் நிறுவிய லித்தோ அச்சகம், பின்னர் மலைப்பாங்கான மளவலிக்குப் பெயர்ந்து, ஜெர்மானியத் தொழில் வல்லார் கைக்கு மாறி, அவருடைய லக்ஷ்மியையும் சரஸ்வதியையும் தேசமெங்கும் கூரை வீடுகளுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. இதை எல்லோரும் கொண்டாடவில்லை. கொழும்பில் 1877ஆம் ஆண்டு சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் தெய்வங்களில் நாடகமேடைத் தன்மையே காண்கிறதென்று கண்டித்தார். அவருடைய கண்டனத்தைவிட அவருடைய செய்கை எனக்கு அதிக ஆச்சரியமளிப்பது. இலங்கைக் கிராமங்களின் கைவினைகள் தம் கண்ணெதிரே யந்திரச் சரக்குக்கு முன் மடிவதைக் கண்டு, மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி அவர் எழுதிய பெருநூலை, இங்கிலாந்தில் பிராட் காம்ப்டன் என்ற கிராமத்தில் தாம் வசித்த இடத்திலேயே, வில்லியம் மாரிஸ் உபயோகித்த கை அச்சு யந்திரத்தில், ஏறக்குறைய பதினைந்து மாத காலம் செலவிட்டு 1908இல் அச்சிட்டு முடித்தார். மொத்தப் பிரதிகள் 425. நீராவி யந்திரங்கள் ஒரே இரவில் பல்லாயிரம் பத்திரிகைகளை உமிழ்ந்துகொண்டிருந்த தேசத்தில், கைவினையைப் பற்றிய நூல் கைவினையாகவே வர வேண்டும் என்று ஒரு தமிழர் மகன் தீர்மானித்தார். இன்றைக்குக் கணினி வரைந்து தரும் படத்தை வேண்டாமென்று ஒதுக்கித் தூரிகையை எடுக்கும் இளைஞர்கள் தங்களுக்கு முன்னோர் இல்லையென்று எண்ண வேண்டியதில்லை.

ரவிவர்மாவின் அச்சும் குமாரசுவாமியின் ஆதங்கமும் ஒரே மனிதரிடம் சமாதானமடைந்த கதை, தாயில்பட்டிக்குத் தெற்கே கோவில்பட்டியில் நடந்தது. சி. கொண்டையராஜு 1898ஆம் ஆண்டு பிறந்தவர்; சென்னைக் கலைப் பள்ளியில் முறையாகச் சித்திரம் பயின்றவர்; உத்தியோகத்தை நாடாமல் துறவு மனத்தோடு திருவண்ணாமலைக்குச் சென்று ரமண மகரிஷியின் சந்நிதியில் சிறிது காலம் இருந்தவர்; பிறகு ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுவில் படுதா எழுதுபவராகச் சேர்ந்தவர். அரண்மனை, கானகம், கைலாயம், கடல் என்று ஆளுயரத்துக்கு மேல் எழுதிய அந்தப் படுதாக்களுக்கு முன்தான் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் நின்று பாடினார்கள். 1940களில் நாடகக் குழுவின் வாழ்வு முடிந்தபோது, அவரும் அவருடைய சீடர்கள் சிலரும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார்கள். கண்ணாடியில் எழுதினார்கள், புகைப்பட நிலையம் வைத்தார்கள், கடைப் பலகை எழுதினார்கள். அப்போதுதான் அருகிலிருந்த சிவகாசியின் அச்சகங்கள் காலண்டருக்குப் படம் தேடிக்கொண்டிருந்தன.

கொண்டையராஜுவின் காலண்டர்த் தெய்வங்களைச் சற்று நின்று பாருங்கள். மீனாக்ஷி கல்யாணமாயினும் கஜேந்திர மோக்ஷமாயினும், தெய்வம் நம்மை நேருக்கு நேர் நோக்கி நிற்கிறது. அதன் பின்னே மலையும் நீரும் கோபுரமும் ஒரு படுதாவாக விரிந்து கிடக்கின்றன. கோவிலின் மூலஸ்தானமும் நாடகத்தின் மேடையும் அந்தச் சிறு தாளில் ஒன்றாகின்றன. கண் மாத்திரம் சற்றுப் பெரிது. பார்க்கிறவரைப் பார்க்கும் கண். பூஜை அறையில் மாட்டி விளக்கேற்றக் கூடியதாக ஒரு விளம்பரத் தாளை ஆக்கியது அந்தக் கண்தான். ஆண்டு முடிந்தும் தேதித் தாள்கள் கிழிபட்டுத் தீர்ந்தும் படத்தைக் கழற்றி எறிய மனமில்லாமல் சட்டமிட்டு வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனை என்று எண்ணி முடியாது. கலை விமர்சகர்கள் வெகு காலம் இந்தப் படங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை; அது அவர்களுடைய நஷ்டம் என்றே நான் கருதுகிறேன்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல படங்களின் கீழ் மூலையில் அவர் பெயர் தனித்து இராது, டி. எஸ். சுப்பையாவின் பெயரும் கூடவே இருக்கும். குருவும் சீடரும் ஒரே தாளில் வேலை செய்து ஒரே மூலையில் கையெழுத்திட்டார்கள். எம். ராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், மீனாக்ஷிசுந்தரம் என்று அவரிடம் பயின்றவர்கள் தென்பாண்டிச் சீமையில் பல ஊர்களில் பரவித் தங்கள் பெயரால் எழுதினார்கள். 1976ஆம் ஆண்டு கொண்டையராஜு மறைந்தபோது அவர் விட்டுச் சென்ற சொத்து இந்தக் கைகளே. ஒருவர் பாணியை இன்னொருவர் பின்பற்றினார் என்பது உண்மை. ஆனால் அப்படிப் பின்பற்றியவர் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து, வர்ணம் குழைத்துக் கொடுத்து, திட்டு வாங்கி, கோடு நடுங்கிய நாட்களைக் கடந்து வந்தவர். குரு அவரை அறிவார். அவர் குருவை வணங்குவார். இந்தப் பரிச்சயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

காலண்டர் வியாபாரத்துக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று சிவகாசி அச்சகங்கள் அடுத்த ஆண்டின் மாதிரி ஆல்பங்களைப் பூஜை போட்டு வெளியிடுவது வழக்கம். ஜவுளிக் கடைக்காரரும் நகைக் கடைக்காரரும் அந்த ஆல்பத்தைப் புரட்டி, முருகனா, வேங்கடாசலபதியா, சிரிக்கும் குழந்தையா என்று தெரிந்தெடுத்து ஆர்டர் கொடுப்பார்கள். ஆகவே சித்திரக்காரருக்குச் சித்திரை, வைகாசியிலேயே வேலை மும்முரம்.

பட்டாசு லேபிளின் கதை சற்று வேறு. 1940ஆம் ஆண்டின் வெடிமருந்து விதிகளுக்குப் பின் உரிமம் பெற்ற ஆலைகள் ஏற்பட்டன; உலக யுத்தத்தில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது; உள்ளூர்ச் சரக்குக்குக் கதவு திறந்தது. இங்கே சித்திரக்காரருக்கு நேர்ந்த சோதனை காலண்டரில் இல்லாதது. தீப்பெட்டியில் சேவலை எழுதினால் சேவல்தான். பட்டாசுப் பெட்டியில் அவர் எழுத வேண்டியது உள்ளே உறங்கும் நெருப்பு விழித்தபின் எடுக்கப்போகும் உருவம். புஸ்வாணம் எவ்வளவு உயரம் பூக்கும், சங்கு சக்கரம் எந்த நிறத்தில் சுழலும், வாணம் எத்தனை கிளையாகப் பிரியும் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே குழந்தை அறிய வேண்டும். ஒரு கணத்தில் தோன்றி மறைவதை நிறுத்திப் பிடித்துக் கருநீல வானத்தில் புள்ளி புள்ளியாகப் பொறி தெறிக்க எழுதினார்கள். பெட்டியின் படத்தை விட உள்ளிருந்த வாணம் சிறுத்துப் போனபோதும் எந்தக் குழந்தையும் படத்தின் மேல் கோபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

லக்ஷ்மி வெடியின் மேல் லக்ஷ்மியை எழுதுவது தகுமா, வெடித்துச் சிதறிய தாளில் தெய்வத்தின் முகம் காலடியில் கிடக்கலாமா என்ற ஆக்ஷேபம் பிற்காலத்தில் எழுந்தது. தெய்வப் படங்களைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். அந்த ஆக்ஷேபத்தில் நியாயம் உண்டு. எழுதியவர்கள் அவமதிக்க எண்ணி எழுதவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

கல் போயிற்று, துத்தநாகத் தகடு வந்தது. தகட்டுக்குப் பின் காமிராவும் ஆப்செட்டும் வந்தன; புள்ளி வைக்கும் வேலையைக் கண்ணாடித் திரை தானே செய்தது. கல்லில் புள்ளி வைத்தே ஜீவித்தவர்களுக்கு அது பெரிய அடி. ஆயினும் காமிராவின் முன்னால் வைப்பதற்கு ஒரு மூலச் சித்திரம் வேண்டியிருந்தது. அதை எழுத ஒரு கை வேண்டியிருந்தது. பிறகு கணினி வந்தது. பழைய படத்தின் முகத்தை வெட்டி, வேறு படத்தின் உடலில் ஒட்டி, மூன்றாவதன் பின்னணியில் நிறுத்தினார்கள். அப்போதும் எங்கோ ஒரு கை எழுதிய ஒன்று தேவைப்பட்டது. வெட்டி ஒட்டியவரும் அதை ஒரு வேலையாகவே செய்தார்.

2022ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் கைக்கு எட்டிய செயற்கை நுண்ணறிவுச் சித்திர யந்திரம் இந்த வரிசையில் அடுத்த படி என்று சிலர் சொல்லுகிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. கல்லும் காமிராவும் கை எழுதியதைப் பெருக்கின. இதுவோ எழுதும் செயலையே தான் எடுத்துக்கொள்ளுகிறது. நாலு வார்த்தை சொன்னால் நாலு வினாடியில் ஒரு லக்ஷ்மி. அவள் எங்கிருந்து வந்தாள்? வலைத்தளங்களில் கிடந்த கோடிக்கணக்கான படங்களை, வரைந்தவரைக் கேளாமலும் பெயரை நினையாமலும் அந்த யந்திரத்துக்கு ஊட்டினார்கள். அந்தத் தீனியிலிருந்து வந்தாள். அமெரிக்கச் சித்திரக்காரர் சிலர் 2023ஆம் ஆண்டு ஜனவரியில் இதற்காக நீதிமன்றம் ஏறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், மனித ஆசிரியன் இல்லாத படத்துக்கு ஆசிரிய உரிமை இல்லையென்று அந்நாட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2025இல் ஜப்பானின் ஜிப்ளி என்ற சித்திரத் திரைப்பட ஸ்தாபனத்தார் ஆண்டுக்கணக்கில் கையால் வரைந்து உருவாக்கிய பாணியில், இந்த யந்திரத்தைக் கொண்டு உலகமே தன் புகைப்படத்தை மாற்றி மகிழ்ந்தது. சுப்பையா கொண்டையராஜுவின் பாணியை எடுத்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனித் தாயில்பட்டிக்குத் திரும்புகிறேன். கை வேலையைப் புகழ்ந்துகொண்டே போகிறவன் இந்த ஊரின் முன் நின்று பதில் சொல்ல வேண்டும். இங்கே கை என்றால் மருந்து படிந்த கை. அலுமினியப் பவுடரின் வெள்ளி நிறம் சோப்புப் போட்டாலும் போகாத கை. உராய்வு மிகுந்தாலோ கலவை பிசகினாலோ உயிரோடு போய்விடும் கை. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் முதலிப்பட்டியில், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில், அதே ஆண்டு ஜூனில் இந்தத் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் என்று விபத்துகள் இந்தச் சீமையின் நாட்காட்டியில் கறுப்புத் தேதிகளாக நிற்கின்றன. இருட்டோடு எழுப்பித் தீப்பெட்டி ஆலை வண்டியில் ஏற்றப்பட்ட பிள்ளைகளின் கையும் இங்கேதான் இருந்தது. லேபிள் ஒட்டியவை அந்தச் சிறு விரல்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசியைப் பற்றியே எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், ஊர் ஊராக உழைத்த ஆசிரியர்களும் அந்தப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நான் ஆசையோடு உரித்துச் சேர்த்த படத்தை ஒட்டியது என் வயதுப் பிள்ளை ஒன்றாக இருந்திருக்கலாம் என்ற நினைவு வரும்போது மனம் குன்றுகிறது.

ஆகையால் கையால் செய்வதெல்லாம் புனிதம் என்று நான் சொல்ல மாட்டேன். மருந்து இடிப்பதற்கும், கலப்பதற்கும், குழாயில் செலுத்துவதற்கும் மனிதக் கை தேவைப்படாத ஒரு யந்திரம் வந்து, ஆலையில் உழைக்கும் பெண்களுக்கு அதே கூலியில் ஆபத்தில்லாத வேலை கிடைக்குமானால் அன்றுதான் தாயில்பட்டிக்கு உண்மையான தீபாவளி. எந்தக் கையை யந்திரம் விடுவித்திருக்க வேண்டுமோ அந்தக் கை இன்னும் மருந்துக்குள் கிடக்கிறது. எந்தக் கைக்கு வேலையே இன்பமாக இருந்ததோ, எந்தக் கை எழுதி எழுதிப் பழகி ஒரு கண்ணை உயிரோடு திறக்கக் கற்றதோ, அந்தக் கையிலிருந்து தூரிகையை வாங்க உலகத்தின் பெரும் செல்வமும் பெரும் மேதையும் செலவிடப்படுகின்றன. முன்னுரிமை தலைகீழாகப் புரண்டது; லித்தோ கல்லைப் போலத் தாளில் பதியும்போது நேராகிவிடும் புரட்டன்று இது.

கையால் எழுதுவதைத் தெரிந்தெடுக்கிறவர்களுக்கு மலிவோ வேகமோ ஒருநாளும் துணைக்கு வராது. அவர்களுக்குத் துணை வேறு. முருகனுக்கு வேல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், நான்கு திருக்கரங்களில் எது சங்கு எது சக்கரம், மீனாக்ஷியின் கரத்தில் கிளி எப்படி அமரும் என்ற லக்ஷணங்களைச் சித்திரக்காரன் பாட்டியிடம் கேட்டான், குருக்களிடம் கேட்டான், கோவிலில் நின்று பார்த்தான். தவறினால் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்க ஆள் இருந்தது, பதில் சொல்ல அவன் இருந்தான். யந்திரத்தின் படத்தில் ஆறு விரல் இருந்தால் யாரைக் கேட்பது? அடுத்த வினாடி ஐந்து விரலோடு இன்னொன்று தரும். அதற்கு வெட்கம் இல்லை, கற்றுக்கொண்ட வேதனையும் இல்லை. பிழைக்காக வெட்கப்படக்கூடியவன் எழுதியது என்பதுதான் கொண்டையராஜுவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்ற நம்மைத் துணிய வைத்தது என்று நான் நம்புகிறேன்.

கையால் எழுதுவதன் அருமையைத் தாயில்பட்டிப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வாசலில் ஒட்டிவிட்டால் மாதக்கணக்கில் அழியாத பிளாஸ்டிக் கோலம் சில ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது; அச்சுக் குழாயை உருட்டினால் நிமிஷத்தில் விழும் கோலமும் உண்டு. ஆயினும் மார்கழி விடியலில், சில நாழிகைக்குப் பின் ஆலைக்கு ஓட வேண்டிய பெண்கள், முந்தின நாள் சரம் பின்னிச் சலித்த அதே விரல்களால் குனிந்து புள்ளி வைக்கிறார்கள். சாணம் தெளித்த ஈரத்தில் இழை போடுகிறார்கள். மத்தியானத்துக்குள் வண்டிச் சக்கரமும் கோழிக் காலும் அதை அழித்துவிடும் என்று அறிந்தே போடுகிறார்கள். கூலியில்லாத அந்த வேலையை அவர்களிடமிருந்து வாங்கி யந்திரத்துக்குக் கொடுப்பது உபகாரமாகாது.

சிவகாசி அச்சக முதலாளிகளுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கிடங்கின் மூலையில் பழைய லித்தோ கற்கள் இருந்தால் படிக்கட்டாகப் போட்டுவிடாதீர்கள். பழைய மூலச் சித்திரங்கள் கரையானுக்கு முன் ஒரு காட்சிசாலையைச் சேரட்டும். தீப்பெட்டியும் பட்டாசும் காலண்டரும் வளர்ந்த ஊரில் அதற்கு ஒரு கட்டடம் இருப்பதே நியாயம். அடுத்த ஆடிப் பதினெட்டுக்கு வெளியிடும் ஆல்பத்தில், கையால் எழுதிய படம் எது என்று தெரியும்படி அச்சிடுங்கள். எழுதியவர் பெயரையும் கீழ் மூலையில், கொண்டையராஜுவும் சுப்பையாவும் சேர்ந்து கையெழுத்திட்ட இடத்தில், படிக்கக்கூடிய அளவில் போடுங்கள். வாசகர்களே, இந்த ஆண்டு உங்களுக்குக் காலண்டர் கொடுக்கும் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: இதை வரைந்தது யார்?